‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’: ஒரு வாக்கியத்தை அளந்து நம்பும் முறை

அக்டோபர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லார் கண்ணும் ஒரே மாதிரி வாக்கியத்தின் மேல்தான். பள்ளிப் பிள்ளை அதை நாளைக்கு லீவு என்று படிக்கும். அறுவடைக்கு நிற்கும் குறுவைக்காரர் ஆளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று படிப்பார். “போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒரு தூறல்கூட இல்லை” என்று தள்ளிவிடுபவரும் உண்டு. மூவர் கண்ணிலும் பட்டது ‘கனமழை’ என்ற ஒரு சொல் மட்டும்தான். அதைச் சுற்றியுள்ள ‘ஓரிரு’, ‘இடங்களில்’, ‘கூடும்’ மூன்றையும் அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள். அந்த வாக்கியம் உலகத்தைத் தொடுவது அந்தச் சொற்கள் வழியாகத்தான்.

வானிலை வாக்கியத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், சொன்னது நடந்ததா இல்லையா என்று மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். முறை பிடிபட்டால் மருத்துவ அறிக்கை, பங்குச் சந்தைப் பேச்சு, தேர்தல் கணிப்பு எதற்கும் கைகொடுக்கும்.

கையில் ஒரு மாதிரி வாக்கியம் இருக்கட்டும்: “அடுத்த 24 மணி நேரத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.”

எது நடந்தால் இது பொய்யாகும்?

முதல் கேள்வி இது. உண்மையா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாத வாக்கியம் உலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். “மழை பெய்தாலும் பெய்யும், பெய்யாவிட்டாலும் பெய்யாது” என்பது என்றைக்கும் உண்மை, என்றைக்கும் பயனில்லை. “இந்த ஆண்டு சில இடங்களில் நல்ல மழையுண்டு” என்று பஞ்சாங்க பாணியில் சொல்வதும் அதே ரகம்தான். எந்த இடம், எப்போது, ‘நல்ல’ என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லாததால் அதைப் பொய்யாக்க ஒரு நாளும் வராது.

மாதிரி வாக்கியத்தைப் பொய்யாக்க வேண்டுமென்றால் நான்கு விவரம் வேண்டும்: காலம், இடம், வரம்பு, உறுதி. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். நிரப்ப முடியாத கட்டம்தான் வாக்கியத்தின் ஓட்டை.

காலம் எளிது போலத் தெரியும், ஆனால் ஏமாற்றும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் பதிவான மழையில் பெரும்பகுதி டிசம்பர் 1-ஆம் தேதி பெய்ததாகவே இருக்கும். “இரண்டாம் தேதி வெயில் அடித்ததே, 10 செ.மீ. என்று போட்டிருக்கிறார்களே” என்ற சண்டை பாதிக்கு மேல் இதனால் வருவது.

இடம் இன்னும் சிக்கல். ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்பது நிலப்பரப்பு, ஆனால் மழையை அளப்பது ஆங்காங்கே நிற்கும் மழைமானிகள். அறிக்கையில் வரும் இடச் சொற்களுக்கு அந்த நிலையங்களை வைத்து எல்லை உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் நிலையங்களில் 25% வரை. ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50%. ‘பல இடங்களில்’ 51 முதல் 75%. ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கு மேல். ஓரிரண்டுக்கும் ஒருசிலவுக்கும் வீட்டுப் பேச்சில் வேறுபாடே கிடையாது. அறிக்கையில் ஒன்று மற்றொன்றைப்போல இரண்டு மடங்கு வரை போகலாம். ஆக, மாவட்டத்தில் நான்கில் மூன்று நிலையங்களில் கனமழை இல்லாமல் போனாலும் நம் மாதிரி வாக்கியம் உண்மைதான். உங்கள் தெரு அந்த மூன்று பங்கில் இருந்தால் அது வாக்கியத்தின் குற்றமாகாது.

வரம்பு: ‘கனமழை’ 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை. ‘மிக கனமழை’ 115.6 முதல் 204.4 வரை. ‘அதி கனமழை’ 204.5-உம் அதற்கு மேலும். செய்தியில் இவை 7–11 செ.மீ., 12–20 செ.மீ., 20 செ.மீ.க்கு மேல் என்று முழு எண்ணாக்கப்பட்டு வரும். இதில் ஒரு வினோதம்: ஒரே மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டி, முழங்கால் அளவு தண்ணீர் நின்று, பிறகு நாள் முழுக்கக் காய்ந்தால், பட்டியலில் அதன் பெயர் ‘மிதமான மழை’. 15.6 முதல் 64.4 வரை மிதம். சொல் பொய் சொல்லவில்லை. அது அளப்பது 24 மணி நேரக் கூட்டுத்தொகையை. தெருவை மூழ்கடிப்பதோ ஒரு மணி நேர வேகம். வாக்கியம் எதை அளக்கிறது, நமக்குத் தேவை எது என்று இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொள்ளாவிட்டால் இந்த இடத்தில் சறுக்கும்.

ஒரே சொல் இரண்டு கோலால் அளக்கப்படுவதும் உண்டு. அகில இந்தியத் தென்மேற்குப் பருவமழை முன்கணிப்பில் ‘இயல்பு’ என்றால் நீண்டகாலச் சராசரியில் 96 முதல் 104%. ஒரு மாவட்டத்தின் மழையைப் பட்டியலிடும்போது அதே ‘இயல்பு’ சராசரிக்கு 19% கீழிலிருந்து 19% மேல் வரை விரியும். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவ சராசரி சுமார் 44 செ.மீ. இந்த இரண்டாவது கோலை அதன் மேல் வைத்தால் 36 செ.மீ. பெய்தாலும் இயல்பு, 52 பெய்தாலும் இயல்பு. ஏரிக்கு இரண்டும் ஒன்றல்ல.

‘வாய்ப்பு’ என்பதற்கு எண் போடுவது

நான்காவது கட்டம், உறுதி. பலர் இதை வெற்றாக விட்டுவிடுவார்கள்.

1951-இல் அமெரிக்க உளவுத் துறை, யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடப்பதை ‘கவனிக்கத்தக்க சாத்தியம்’ என்ற பொருளில் ஓர் அறிக்கை எழுதியது. அதில் பங்கிருந்த ஷெர்மன் கென்ட், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எண் மனத்தில் இருந்தது என்று பிறகு சகாக்களைக் கேட்டார். 20% என்றவரும் இருந்தார், 80% என்றவரும் இருந்தார். எல்லாரும் ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள்! ஒத்துக்கொண்டது சொல்லில் மட்டும்தான்.

அதற்குப் பிறகு பல துறைகள் சொல்லுக்கு எண்ணைக் கட்டிவைத்தன, ஆனால் ஆளுக்கொரு விதமாக. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் அறிக்கையில் ‘லைக்லி’ என்றால் 66%-க்கு மேல். இந்திய வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் அதே ‘லைக்லி’ 25 முதல் 50% வரை, ‘வெரி லைக்லி’ 50 முதல் 75, ‘மோஸ்ட் லைக்லி’ 75-க்கு மேல். செய்தியில் தமிழாகும்போது மூன்றும் ‘வாய்ப்புள்ளது’ என்ற ஒரே பையில் விழுந்துவிடும். முடிந்தபோதெல்லாம் மூல அறிக்கையைத் திறந்து எந்த ‘வாய்ப்பு’ என்று பாருங்கள்.

எண் கிடைத்ததும் ஒரு தோராயக் கணக்கு போடலாம். உறுதி 50%, பரப்பு அதிகபட்சம் 25% என்று வைத்தால், 0.5 × 0.25 = 0.125. எந்தத் தெரு என்று தெரியாத ஒரு சராசரித் தெருவுக்குக் கனமழை கிடைப்பதற்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கடற்கரையோரமா உள்நாடா என்பதைப் பொறுத்து இது ஏறும் இறங்கும், அதனால் தசமத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். எட்டில் ஒன்றுக்குத் துணி காயப்போடலாம். அறுத்த நெல்லைத் திறந்த களத்தில் விடக்கூடாது. எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, தவறினால் எவ்வளவு இழப்பு என்பதையும் சேர்க்க வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் செய்வது இதைத்தான்: மஞ்சள் கவனித்திரு, ஆரஞ்சு தயாராக இரு, சிவப்பு செயலில் இறங்கு. ‘ரெட் அலர்ட்’ என்பது நிச்சயம் பெய்யும் என்ற சத்தியம் அல்ல.

கைப்பேசிச் செயலியில் வரும் ‘மழை 30%’ வேறு பிராணி. பொதுவாக அதன் பொருள்: குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குள், அளக்கத்தக்க மழை விழ 30% வாய்ப்பு. நாளில் 30% நேரம் பெய்யும் என்றும், ஊரில் 30% பரப்பில் பெய்யும் என்றும் படிப்பவர்கள் பெர்லின், மிலான் போன்ற நகரங்களிலேயே நிறைய என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒன்று கவனியுங்கள்: எவ்வளவு பெய்யும் என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை.

வினைச்சொல்லின் வாலைப் பிடியுங்கள்

தமிழில் உறுதியின் அளவு பெரும்பாலும் வினையின் கடைசி அசையில் உட்கார்ந்திருக்கும். வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்தால் சிக்கும்.

‘பெய்தது’ — நடந்ததாகச் சொல்கிறவர் பொறுப்பேற்கிறார். ‘பெய்திருக்கிறது’ — தரை ஈரம் போன்ற தடயம் இப்போது கண்முன் இருக்கிறது. ‘பெய்திருக்கும்’ — பார்க்கவில்லை, ஊகம். ‘பெய்ததாம்’ — பிறர் சொல்லக் கேட்டது, பொறுப்பு என்னுடையதல்ல. ‘பெய்யக்கூடும்’, ‘பெய்யலாம்’ — சாத்தியம் மட்டும். ‘பெய்யும்’ என்பதில் இரண்டு உண்டு: “ஐப்பசியில் மழை பெய்யும்” என்றால் பொது வழக்கம், “நாளை மழை பெய்யும்” என்றால் ஒரு நாளுக்கான முன்கணிப்பு. முதலாவதை நம்பி இரண்டாவதில் பந்தயம் கட்டக் கூடாது.

எண்ணுக்கு முன்னால் வரும் ‘ஒரு’வையும் பாருங்கள். ‘பத்து செ.மீ.’ அளந்த எண். ‘ஒரு பத்து செ.மீ.’ கண்மதிப்பு. ‘பத்துப் பதினைந்து’ என்றால் சொல்பவருக்கே தெரியாது.

கெட்டுப்போவது எங்கே என்றால், கை மாறும்போது. அறிக்கை ‘ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும்’ என்கிறது. தலைப்பில் இடமில்லை, ‘செங்கல்பட்டில் நாளை கனமழை’ ஆகிறது. வாட்ஸ்அப்பில் ‘நாளை செங்கல்பட்டு மூழ்கும்’. யாரும் பொய் சொல்லவில்லை என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஆளாளுக்கு ஒரு வாலை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். ‘பெய்ததாம்’ என்பதன் வாலான ‘ஆம்’ விழுந்துவிட்டால் கேள்விப்பட்டது கண்டதாக மாறிவிடும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்லும் மூன்று பேர் வழியாக வந்த செய்திகூட 0.9 × 0.9 × 0.9, அதாவது 73% அளவுதான் தாங்கும். அதே ஃபார்வர்டு ஐந்து குழுவில் வந்தால் ஐந்து சாட்சி என்று எண்ணாதீர்கள். மூலம் ஒன்றென்றால் சாட்சியும் ஒன்றுதான்.

எதிர்மறையில் தமிழ் இன்னொரு பொறி வைத்திருக்கிறது. “எல்லா ஏரிகளும் நிரம்பவில்லை” என்பதை ‘ஒன்றுகூட நிரம்பவில்லை’ என்றும் படிக்கலாம், ‘சிலது நிரம்பியது, சிலது இல்லை’ என்றும் படிக்கலாம். எழுதுபவர் “எந்த ஏரியும் நிரம்பவில்லை” அல்லது “சில ஏரிகள் இன்னும் நிரம்பவில்லை” என்று பிரித்துவிட வேண்டும். படிப்பவர் அப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டால் நின்று கேட்க வேண்டும். இதன் தம்பி: “மழை பெய்யும் என்று சொல்ல முடியாது.” இதை ‘பெய்யாது’ என்று எடுத்துக்கொண்டு குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். சொன்னவர் தன் அறிவின் எல்லையைச் சொன்னார். கேட்டவர் வானத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

எப்படித் தெரிந்தது?

நான்கு கட்டமும் நிரம்பிய பிறகு ஐந்தாவதாக ஒரு வரி எழுதுங்கள்: சொல்பவருக்கு இது எந்த வழியில் தெரிந்தது. நம் மரபில் இதற்கு ‘அளவை’ என்று பெயர். காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லி அறிவது) மூன்றும் பலருக்கும் தெரிந்தவை. மணிமேகலையின் 27-ஆம் காதை பத்து அளவைகளை அடுக்கும்போது கருதலை மூன்றாகப் பிரிக்கிறது, அதில் இரண்டுக்கு உதாரணம் மழைதான். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று நிச்சயிப்பது ‘எச்சம்’. கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்பது ‘முதல்’. ஒன்று விளைவிலிருந்து காரணத்துக்குப் போகிறது, மற்றது காரணத்திலிருந்து விளைவுக்கு.

இரண்டும் தவறும் விதம் வேறு வேறு என்பதால் பிரித்துவைப்பது இன்றைக்கும் பயன்படுகிறது. விளைவிலிருந்து போகும்போது வேறு காரணம் இருந்துவிடலாம்: ஆற்றில் தண்ணீர் வருவது மேலே பெய்ததால் அல்ல, ஏரியின் மதகைத் திறந்ததால் இருக்கலாம். அதனால் “வேறு எதனால் இது வந்திருக்கும்?” என்று கேளுங்கள். காரணத்திலிருந்து போகும்போது இடையில் தடை வந்துவிடலாம்: கருமேகம் காற்றில் நகர்ந்துவிடும். அங்கே கேட்க வேண்டியது “இடையில் எது கெடுக்கும்?”

‘உரை’ என்றால் உரைப்பவர் யார் என்பதோடு, அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்றும் ஒரு படி பின்னால் போங்கள். படி முடியும் இடத்தில் ஒரு மழைமானியோ ராடாரோ ஒரு கண்ணோ இல்லாவிட்டால், அதே காதை ‘ஐதிகம்’ என்று சொல்வது அதுதான்: இந்த மரத்தில் பேய் உண்டு என்று வழிவழியாகச் சொல்லி நம்புவது.

வீட்டிலேயே சரிபார்ப்பு

நேர்ச்சுவர் உள்ள, அடி தட்டையான பாத்திரம் ஒன்று, ஓர் அளவுகோல். சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, திறந்த மாடியிலோ முற்றத்திலோ காலை 8.30-க்கு வையுங்கள், மறுநாள் 8.30-க்கு ஆழத்தை அளங்கள். 6.5 செ.மீ. நின்றால் உங்கள் வீட்டில் கனமழை. வாளி கூடாது. வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் நிறையப் பிடித்து, குறுகிய இடத்தில் உயரமாக நிற்கும், கணக்கு கூடிவிடும். வாளிதான் இருக்கிறதென்றால் தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து, வாயின் பரப்பைச் சதுர செ.மீ.இல் கண்டு வகுங்கள், செ.மீ. வரும். 300 ச.செ.மீ. வாய், 1,950 மி.லி. தண்ணீர் என்றால் 6.5. தூண் அருகே வைத்தால் தெறிப்பு சேரும், மதிய வெயிலில் கொஞ்சம் ஆவியாகும். மழை விட்டதும் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நோட்டு. ஒரு பக்கத்தில் நாள், வாக்கியம், அதற்கு நீங்கள் கொடுத்த எண். மறுநாள், நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டின் வித்தியாசத்தை வர்க்கமாக்குங்கள். 70% என்று சொல்லிப் பெய்தால் 0.3-இன் வர்க்கம், 0.09. பெய்யாவிட்டால் 0.7-இன் வர்க்கம், 0.49. சராசரி எடுத்தால் அதுதான் 1950-இல் அமெரிக்க வானிலையாளர் க்ளென் பிரையர் கொடுத்த மதிப்பெண். குறைந்தால் நல்லது. தினமும் 50% என்று மழுப்புபவருக்கு எப்போதும் 0.25 வரும், உங்கள் சராசரி அதற்கு மேல் போனால் அப்படி மழுப்புவதே மேல்.

முப்பது நாற்பது வரி சேரும் வரை தீர்ப்பு சொல்லாதீர்கள். 70% என்று சொன்ன ஒரு நாள் பெய்யவில்லை என்பதால் கணிப்பு பொய்த்துவிடாது. 70% போட்ட நாட்களில் பத்துக்கு ஏழு பெய்திருக்க வேண்டும், சோதனை அதுதான். பத்துக்குப் பத்தும் பெய்திருந்தால் அதுவும் தவறுதான், நீங்கள் தேவைக்கு மேல் தயங்கியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் மதிப்பெண் பிரமாதமாக வந்தால் மகிழ வேண்டாம். அந்த மாதத்தில் ‘மழை இல்லை’ என்று சொல்ல யாராலும் முடியும்.

நீங்கள் சொல்லும்போது

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல், அதே நேரம் ஊமையாகவும் இராமல் பேசுவதற்குத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல் வழி சொல்கிறது. தூரத்தில் வருவது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ‘ஒருவன் கொல்லோ ஒருத்தி கொல்லோ தோன்றுவார்’ என்று பன்மையில் சொல். கட்டையா மனிதனா என்றே தெரியாவிட்டால் ‘குற்றி கொல்லோ மகன் கொல்லோ தோன்றாநின்ற உரு’ என்று ‘உரு’வில் நில். உதாரணங்கள் உரைகாரர்கள் தந்தவை. ஐயம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு ஒரு படி மேலுள்ள சொல்லைப் பிடிப்பதுதான் சூட்சுமம். ‘உரு’ என்பது தவறாகவே முடியாது, ஆனால் ஏதோ ஒன்று வருகிறது என்று எச்சரித்தும்விடுகிறது.

இன்றைக்கு இப்படி: ‘ஏரி உடைந்துவிட்டது’ என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்தது ‘ஏரிப் பக்கமிருந்து தெருவுக்குத் தண்ணீர் வருகிறது’. ‘சூறாவளி’ தெரியாது, தெரிந்தது ‘பலத்த காற்று’. ‘மின்சாரம் தாக்கி’ தெரியாது, தெரிந்தது ‘கம்பத்தடியில் ஒருவர் கிடக்கிறார்’. கீழ்ப்படிச் சொல்லை யாராவது உறுதிசெய்த பிறகு இறங்கலாம்.

மாதிரி வாக்கியத்தைக் குடும்பக் குழுவில் போடுவதென்றால் இப்படிப் போடலாம்: “நவம்பர் 12 காலை 8.30 முதல் 13 காலை 8.30 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் சில ஊர்களில் 7 செ.மீ.க்கு மேல் பெய்யலாமாம். வானிலை மையத்தின் 11-ஆம் தேதி மதிய அறிக்கை. நம் ஊர் அதில் வருமா என்று சொல்லவில்லை. மாமா, நெல்லை மூடிவைத்துவிடுங்கள், மற்றபடி பயமில்லை.” ‘நாளை’ என்று எழுதாமல் தேதி போட வேண்டும். தேதி இல்லாத ‘நாளை’ அடுத்த ஆண்டும் சுற்றி வந்து அன்றைக்கும் ‘நாளை’யாகவே இருக்கும்.